ராமநாதபுரம் கடலோரத்தில் வீட்டுச் சோலார்: கணக்குப் போடுவதிலிருந்து எர்த் குழி வரை

நம் மாவட்டத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-ல் வந்ததே அதனால்தான். அதே வெயில்தான் மண்டபத்திலும் தங்கச்சிமடத்திலும் கீழக்கரையிலும் தொண்டியிலும் மொட்டை மாடிகளில் காய்கிறது. ஆனால் கமுதிக்காரருக்கு இல்லாத ஒரு தொல்லை கடலோரத்துக்காரருக்கு உண்டு. உப்புக் காற்று.

கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் வீடுகளில் பேனல் கெட்டுப்போய் நான் பார்த்தது அபூர்வம். கெட்டுப்போவதெல்லாம் இணைப்புகள்தான்: போல்ட், கிளாம்ப், வயர் முனையில் அடிக்கும் லக், எர்த் பட்டை மண்ணுக்குள் இறங்கும் இடம். கரண்ட் வழக்கம்போல வந்துகொண்டிருக்கும், பில்லும் குறைவாகவே வரும். பாதுகாப்பு மட்டும் யாருக்கும் தெரியாமல் அறுந்து கிடக்கும். அதனால் திட்டமிடுவதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, எர்த்துக்கு இந்தக் கட்டுரையில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு நீங்களே வயர் இழுக்க வேண்டாம். உரிமம் பெற்ற ஆளை வைத்தே செய்யுங்கள். அவர் செய்வது சரியா என்று பக்கத்தில் நின்று பார்க்கவும் கேள்வி கேட்கவும் இது உதவும்.

முதலில் மின் அட்டை

கடந்த ஒரு வருடத்து ரீடிங்குகளை எடுத்து வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்பதால் ஆறு எண்கள்தான். மே, ஜூனில் எவ்வளவு, மழைக்காலத்தில் எவ்வளவு என்று பாருங்கள். நம் பகுதியில் 1 கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்று வைத்துக் கணக்குப் போடலாம். கோடையில் கூடும், ஐப்பசி, கார்த்திகையில் குறையும். 2 கிலோவாட் என்றால் 60 நாளில் சுமார் 480 யூனிட்.

வீட்டு இணைப்புக்கு முதல் சில யூனிட்டுகள் இலவசம் என்பதையும், 500 யூனிட்டைத் தாண்டினால் பில் சட்டென ஏறிவிடும் என்பதையும் மனதில் வையுங்கள். சோலாரில் காசு மிச்சமாவது மேல் படியில் ஓடும் யூனிட்டுகளைக் குறைப்பதில்தான். இரண்டு மாதத்துக்கு 250 யூனிட் ஓடும் வீட்டுக்கு 3 கிலோவாட் போடச் சொன்னால் அது விற்பவரின் கணக்கு. 700, 800 ஓடும் வீட்டுக்கு 3 கிலோவாட் நியாயமானது. இன்னும் ஓரிரு வருடத்தில் ஏசி வாங்கும் எண்ணம் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மானியம் பற்றி: 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 ரூபாய், ஆக அதிகபட்சம் 78,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். மின்வாரிய லைனோடு இணைந்த சோலாருக்கும், இந்தியாவில் செய்த செல் உள்ள பேனலுக்கும்தான் இது கிடைக்கும். விண்ணப்பிக்கும் நாளில் இருக்கும் விதியைத் திட்டத்தின் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

லைன் போனால் சோலாரும் நிற்கும்

புதிதாகப் போடுபவர்களில் பலர் இதைக் கேட்டதும் அதிர்ச்சி அடைகிறார்கள். பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு மட்டும் இணைந்த சோலார், லைனில் கரண்ட் போன உடனே தானும் நின்றுவிடும். நட்ட நடு மத்தியானம் வெயில் கொளுத்தினாலும் வீட்டில் ஃபேன் ஓடாது. அது கோளாறு இல்லை. கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் மீது உங்கள் வீட்டுக் கரண்ட் பாயக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள்.

புயலடித்து ஓரிரு நாள் கரண்ட் இல்லாமல் இருந்து பழகியவர்கள் நாம். அப்போதும் நாலு லைட்டும் ஃபேனும் ஓட வேண்டும் என்றால் பேட்டரியோடு சேர்ந்த ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும். (பேனல் தரும் டிசி கரண்டை வீட்டில் ஓடும் ஏசி கரண்டாக மாற்றும் பெட்டிதான் இன்வெர்ட்டர். ஹைபிரிட் என்றால் பேட்டரியிலிருந்தும் ஓடும்.) இராத்திரித் தேவையைக் கணக்குப் போடுங்கள். பழைய ஃபேன் ஒன்று 75 வாட், மூன்று ஃபேன் எட்டு மணி நேரம் ஓடினால் 1.8 யூனிட். அதையே 28 வாட் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினால் 0.7 யூனிட்டுக்குள் முடியும். பேட்டரியைப் பெரிதாக்குவதை விட ஃபேனை மாற்றுவது மலிவு. ஒரு ஹெச்பி தண்ணீர் மோட்டாரைப் பேட்டரி லைனில் சேர்க்க வேண்டாம். ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்டைக் கிளம்பும்போது இழுக்கும். தொட்டியைப் பகலில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

மாடியில் இடம், நிழல், காற்று

1 கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி தேவை. 540 வாட் பேனல் ஒன்று சுமார் ஏழரை அடி நீளம், கால் குறைய நாலு அடி அகலம் இருக்கும். எடை 28 கிலோ போல வரும். ராமேசுவரம் 9 டிகிரி அட்சரேகையை ஒட்டி இருப்பதால் தெற்குப் பார்த்து 10 டிகிரி சாய்வு போதும். அதற்கும் கீழே தட்டையாக வைத்தால் மழை கழுவிக்கொண்டு போகாது, அழுக்கு கீழ் விளிம்பில் தேங்கும்.

காலை 9 மணி, நண்பகல், மாலை 4 மணி மூன்று வேளையும் மாடிக்குப் போய் நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போடுங்கள். தண்ணீர்த் தொட்டி, பக்கத்துத் தென்னை, பனை, டிஷ் ஆன்டெனா எல்லாம் கணக்கில் வர வேண்டும். தொடராக இணைத்த பேனல்களில் ஒன்றின் மூலையில் நிழல் விழுந்தாலும் உற்பத்தி அடி வாங்கும். தென்னைக்கு நேர் கீழே பேனல் வைக்கவே வேண்டாம். நிழலை விட்டாலும் மட்டையும் காயும் விடாது.

துணி காயப்போடவும் கருவாடு காயப்போடவும் அடியில் இடம் வேண்டும் என்று எட்டடி, பத்தடி உயரத்தில் ஸ்ட்ரக்சர் கேட்பவர்கள் இங்கே நிறையப் பேர். கச்சான் காற்று ஆனியிலும் ஆடியிலும் எப்படி வீசும் என்பது தென்கடல் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உயரம் கூடக் கூடக் காற்று பிடிக்கும் வேகமும் கூடும். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை எடுத்துக்கொண்டுபோன கடற்கரை இது. என் அபிப்பிராயம்: அடியில் ஓரடி இடைவெளி விட்டுத் தாழ்வாக அமைப்பதே நல்லது. அந்த இடைவெளியில் காற்று ஓடினால் பேனல் சூடும் குறையும். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் போல உற்பத்தி குறைகிறது என்பதால் அதுவும் லாபம். உயரமாகத்தான் வேண்டும் என்றால், ஐஎஸ் 875 என்னும் இந்தியத் தரத்தின் மூன்றாம் பகுதியின்படி காற்று வேகக் கணக்குப் போட்டுப் பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடம் கேளுங்கள். எந்த உயரமானாலும் கால்களைத் தளத்து கான்கிரீட்டில் பிடிக்க வேண்டும், கைப்பிடிச் சுவரில் அல்ல. சுவர் அதைத் தாங்காது.

வாங்கும்போது உப்புக்காகக் கேட்க வேண்டியவை

பேனலுக்கு ஐஇசி 61701 என்னும் உப்புப் பனிச் சோதனைச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்ட்ரக்சர் அலுமினியமாக இருக்கலாம், அல்லது 80 மைக்ரானுக்குக் குறையாத ஹாட் டிப் கால்வனைஸ் (உருக்கிய துத்தநாகத்தில் முக்கிப் பூச்சு ஏற்றிய இரும்பு) ஆக இருக்கலாம். கால்வனைஸ் இரும்பை மாடிக்குக் கொண்டுவந்த பிறகு அறுத்தாலோ துளை போட்டாலோ வெல்டிங் வைத்தாலோ அந்த இடத்தில் துத்தநாகப் பூச்சு போய்விடும். ஒரு மழைக்காலத்தில் செம்மண் நிறத்தில் ஒழுகத் தொடங்கும். அளவெடுத்து, அறுத்து, துளையிட்டு, அதற்குப் பிறகு பூச்சுக்கு அனுப்பச் சொல்லுங்கள். நட்டு, போல்ட் எஸ்எஸ் 316 ஆக இருக்கட்டும். 304-ம் துருப்பிடிக்காத ஸ்டீல்தான், ஆனால் கடல் காற்றில் பழுப்புக் கறை ஏறும். விலை வித்தியாசம் மொத்தச் செலவில் மிகக் குறைவு.

இன்வெர்ட்டரைக் கடல் பார்த்த திறந்த சுவரில் மாட்டாதீர்கள். தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான ஐபி 65 குறி போட்டிருந்தாலும் பின்னால் இருக்கும் சூடு தணிக்கும் தகடுகளில் உப்பும் மணலும் அப்பிக்கொள்ளும். மாடிப்படிக்கு அடியிலோ, வீட்டின் உள்பக்கமாகக் காற்றோட்டமுள்ள சுவரிலோ மாட்டுங்கள்.

டிசி கேபிள் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியாக, வெயில் தாங்கும் உறையோடு இருக்க வேண்டும். கேபிள் முனைகளைச் சேர்க்கும் எம்சி4 கனெக்டரில் ஆணும் பெண்ணும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும். வேறு வேறு கம்பெனியைச் சேர்த்தால் பொருந்தியது போலத்தான் தெரியும். உள்ளே இடைவெளி விட்டு, உப்பு ஏறி, சூடாகி உருகும். ஆறு பேனல் தொடரில் 300 வோல்ட் டிசி இருக்கும். டிசியில் தீப்பொறி பிடித்தால் ஏசி போலத் தானாக அணையாது, நீண்டு எரியும். ஆகவே டிசி பக்கத்தில் டிசிக்கென்றே செய்த சுவிட்சும் ஃபியூஸும்தான். வீட்டில் மிச்சமிருக்கும் ஏசி எம்சிபியை (கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) எடுத்து அங்கே போட அனுமதிக்காதீர்கள்.

எர்த் மட்டும் காப்பாற்றாது

குழி தோண்டி ராடு இறக்கினால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைப்பவர்கள் அதிகம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஃபிரிட்ஜுக்குள் பேஸ் வயர் உரிந்து உடம்பில் பட்டுவிட்டது. உங்கள் எர்த் குழியின் தடை 10 ஓம். 230 வோல்ட்டைப் பத்தால் வகுத்தால் 23 ஆம்பியர் மண்ணுக்குப் போகும். மெயினில் இருப்பது 32 ஆம்பியர் எம்சிபி. அது விழாது. ஃபிரிட்ஜ் உடம்பில் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும், ஈரக் கையோடு யாராவது தொடும் வரை.

இந்த இடத்தில்தான் ஆர்சிசிபி வேண்டும். பேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வேறு வழியில் கசிந்தாலே லைனை வெட்டிவிடும். எர்த் கம்பி கசியும் கரண்டுக்கு வழி கொடுக்கிறது, ஆர்சிசிபி வெட்டுகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் காப்பு. சோலார் போடும் சாக்கில் வீட்டு மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டுவிடுங்கள். இன்வெர்ட்டரிலிருந்து வரும் சுற்றுக்குத் தனி ஆர்சிசிபி வேண்டும். அது எந்த வகை, எத்தனை மில்லி ஆம்பியர் என்பது இன்வெர்ட்டர் கையேட்டில் இருக்கும். ஈரத்தில் பேனல்களிலிருந்து இயல்பாகவே கொஞ்சம் கசிவு இருக்கும் என்பதால், வீட்டுக்குப் போடும் அதே வகையை அங்கே போட்டால் சும்மா சும்மா விழும்.

இன்னொன்று. இப்போது வரும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத இன்வெர்ட்டர்களில் பேனலின் பிளஸ்ஸையோ மைனஸையோ எர்த்தில் கொடுக்கக் கூடாது. எர்த் செய்ய வேண்டியது பேனல் சட்டம், ஸ்ட்ரக்சர், இன்வெர்ட்டர் உடம்பு, டிசி, ஏசி பெட்டிகளின் உலோகப் பகுதிகள். நியூட்ரலையே எர்த்தாகப் பயன்படுத்துவது, பைப்பில் கட்டிவிடுவது இரண்டும் உயிருக்கு ஆபத்து.

உப்பு மண்ணில் குழி

“உப்பு ரெண்டு மூட்டை, கரி ரெண்டு மூட்டை வாங்கி வச்சிருங்கண்ணே, குழியில போட்டுரலாம்” என்று வயர்மேன் சொல்வார். மேட்டு நிலத்துக்கு அது பழகிய வழி. உப்பு ஈரத்தைப் பிடித்துக்கொண்டு மண்ணின் தடையைக் குறைக்கும். நம் கடலோரத்தில் சில அடி தோண்டினாலே ஈரம், அந்த ஈரத்திலேயே உப்பு. மேலும் உப்பைக் கொட்டினால் ராடு சீக்கிரம் அரிக்கும் என்பதைத் தவிர வேறு பலன் இல்லை. அதை விடப் பெரிய கவலை குடிதண்ணீர். பாம்பன் தீவில் மணலுக்கடியில் நல்ல தண்ணீர் மெல்லிய படலமாக, உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. ஊற்றுத் தோண்டி இறைத்துக் குடிக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தத் தண்ணீருக்குள் இரண்டு மூட்டை உப்பைக் கரைத்துவிட வேண்டாம். குழியில் நிரப்ப பென்டோனைட் களிமண் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

கால்வனைஸ் இரும்புப் பட்டை இங்கே மண்ணுக்குள் என்ன ஆகிறது என்பதைத் தங்கச்சிமடம் பக்கம் ஒரு வீட்டில் குழி மூடியைத் திறந்தபோது பார்த்தேன். தரைக்கு மேல் பட்டை பளபளவென்று புதிதாக இருந்தது. மண்ணுக்குள் ஒரு முழம் கீழே, ஈரமும் காற்றும் மாறி மாறிப் படும் இடத்தில், பிஸ்கட் போல அடுக்கடுக்காக உரிந்து, விரலால் தட்டியதும் துண்டாக வந்துவிட்டது. மேலே மாடியில் பேனல்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த வீட்டுக்கு எர்த் இல்லை என்பது அதுவரை யாருக்கும் தெரியவில்லை.

ஆகவே 250 மைக்ரான் செம்புப் பூச்சுள்ள, 3 மீட்டர் நீள ராடு போடுங்கள். வெறும் பத்து, இருபது மைக்ரான் செம்பு முலாம் பூசியதும் கடையில் இதே நிறத்தில்தான் இருக்கும். பெட்டியில் எத்தனை மைக்ரான் என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். மேல்பரப்பு மணல் கோடையில் சுத்தமாகக் காய்ந்துவிடும் என்பதால் ராடின் அடிப்பாதி எப்போதும் ஈரம் நிற்கும் ஆழத்துக்குப் போக வேண்டும். இரண்டு ராடுகளுக்கு நடுவே குறைந்தது ஒரு ராடு நீளமாவது, அதாவது பத்தடி, இடைவெளி இருக்கட்டும். பக்கத்தில் பக்கத்தில் இறக்கினால் இரண்டாவது ராடுக்குச் செலவழித்த காசு வீண்.

மூன்று குழி: பிரிப்பதா சேர்ப்பதா

இடிதாங்கிக்கு ஒன்று, டிசி பக்கத்துக்கும் ஸ்ட்ரக்சருக்கும் ஒன்று, ஏசி பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று குழி போடுவது நம் ஊர் வழக்கம். ஆய்வுக்கு வருபவர்களும் மூன்றை எண்ணிப் பார்ப்பார்கள். டிசி, ஏசி குழிகள் 5 ஓமுக்குள்ளும் இடிதாங்கிக் குழி 10 ஓமுக்குள்ளும் இருக்க வேண்டும் என்று கேட்பது வாடிக்கை.

மூன்றையும் ஒன்றோடொன்று தொடாமல் விட்டுவிடுவதில்தான் சிக்கல். இடி இறங்கும் நொடியில் ஒரு குழியைச் சுற்றிய மண் ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு ஏறும். பத்தடி தள்ளி இருக்கும் இன்னொரு குழி அப்படி ஏறியிருக்காது. அந்த வித்தியாசம் முழுவதும் இன்வெர்ட்டருக்குள்தான் பாயும், ஏனென்றால் இரண்டு எர்த்தும் சந்திக்கும் ஒரே இடம் அதுதான். அதனால் குழிகள் தனித்தனியாக இருந்தாலும் மண்ணுக்கடியில் ஒரே கம்பியால் இணைத்துவிடுவதே சரி. மின்னல் பாதுகாப்புக்கான ஐஇசி 62305 தரமும் எல்லாவற்றையும் சமநிலையில் பிணைக்கத்தான் சொல்கிறது. ஆய்வாளர் தனியாகத்தான் இருக்க வேண்டும் என்றால், சாதாரண நேரத்தில் பிரிந்தும் மின்னல் நேரத்தில் இணைந்தும் நிற்கும் ஸ்பார்க் கேப்பை நடுவில் வைக்கலாம்.

இணைக்கும்போது ஒரு கண்டிப்பு: மூன்று குழியிலும் ஒரே உலோகம். ஈர உப்பு மண்ணில் செம்பையும் கால்வனைஸ் இரும்பையும் கம்பியால் சேர்த்தால் அங்கே ஒரு பேட்டரி உருவாகி, இரும்பு கரைந்துகொண்டே போகும். பழைய வீட்டில் ஏற்கெனவே இரும்புக் குழாய் எர்த் இருந்தால் அதை நம்பாமல் புதிதாக ராடு இறக்குவது மேல்.

மாடியிலிருந்து குழி வரை ஒவ்வொரு முடிச்சும்

பேனலின் அலுமினியச் சட்டத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு பூச்சு இருக்கும். அது கரண்ட் கடத்தாது. கிளாம்ப் இறுகப் பிடித்திருப்பதால் எர்த்தும் ஆகிவிட்டது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சட்டத்தில் எர்த் குறியோடு ஒரு துளை இருக்கும். அதில் பல் உள்ள எஸ்எஸ் வாஷர் வைத்து, வெள்ளீயம் பூசிய லக்கில் 6 ஸ்கொயர் எம்எம் பச்சை மஞ்சள் செம்பு வயரை அடித்து முடுக்க வேண்டும். வெறும் செம்பு நேராக அலுமினியத்தில் படக் கூடாது. பட்டால் சில மாதங்களில் வெள்ளைப் பொடி பூத்து, போல்ட் இறுக்கமாக இருந்தும் தொடர்பு இல்லாமல் போகும். முடுக்கிய பிறகு, மேலே அரிப்புத் தடுப்பு கிரீஸ் ஒரு விரல் தடவச் சொல்லுங்கள்.

ஒரு பேனலிலிருந்து அடுத்த பேனலுக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று எர்த் வயரை வெட்டி வெட்டிக் கொண்டுபோனால், பழுதுக்காக ஒன்றைக் கழற்றும்போது மற்றவை எல்லாம் எர்த் இழந்துவிடும். பிரதான வயர் அறுபடாமல் ஓட, ஒவ்வொரு பேனலும் அதில் கிளையாகச் சேர வேண்டும்.

இடிதாங்கியின் இறக்குப் பட்டை வேறு வழி. அதை டிசி கேபிளோடு ஒரே பைப்பில் இறக்கக் கூடாது. சுவரின் வெளிப்பக்கமாக, மடிப்பும் வளைவும் இல்லாமல் நேராகக் குழிக்கு வர வேண்டும். 50 ஸ்கொயர் எம்எம்முக்குக் குறைய வேண்டாம். இடிதாங்கிக் கம்பி பேனல்களை விட உயரமாக இருக்க வேண்டும், ஆனால் அதன் நிழல் பேனலில் அதிகம் விழாத வட பக்கத்தில் நிற்க வேண்டும். நூறு மீட்டர் வரை காக்கும் என்று விலை கூடிய உருண்டைத் தலைக் கம்பி விற்கிறார்கள். ஐஇசி 62305 கம்பியின் உண்மையான உயரத்தை மட்டும்தான் கணக்கில் எடுக்கிறது. சாதாரணக் கம்பியை நன்றாக எர்த் செய்வதற்கு அந்தக் காசைப் போடுங்கள்.

பக்கத்துத் தென்னையில் இடி விழுந்தாலும் வயரில் மின் அலை ஓடிவரும். அதற்கு டிசி பெட்டியிலும் ஏசி பெட்டியிலும் எஸ்பிடி, அதாவது அந்த அலையை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி, வேண்டும். சாதாரணமாக இரண்டாம் வகை, மாடியில் இடிதாங்கி இருந்தால் முதல் வகையும் சேர்ந்தது. எஸ்பிடியிலிருந்து எர்த் பாருக்கு (எர்த் வயர்கள் எல்லாம் வந்து சேரும் உலோகப் பட்டை) போகும் வயர் அரை மீட்டருக்குள் முடிய வேண்டும். அழகுக்காகச் சுற்றிச் சுற்றி மடித்து வைத்தால் எஸ்பிடி இருந்தும் இல்லாத கணக்குத்தான். அதில் பச்சை நிறச் சாளரம் சிவப்பாக மாறியிருந்தால் அது தன் வேலையை முடித்துவிட்டது, மாற்றுங்கள்.

ஹைபிரிட் வைப்பவர்களுக்கு நியூட்ரல் கேள்வி

நிறையப் பேருக்கு இது தெரியாது, விற்பவர்களும் சொல்வதில்லை. மின்வாரிய லைன் இருக்கும்போது நியூட்ரல் டிரான்ஸ்ஃபார்மர் அடியில் மண்ணோடு சேர்ந்திருக்கிறது. அதனால்தான் ஆர்சிசிபி வேலை செய்கிறது. லைன் போய், ஹைபிரிட் இன்வெர்ட்டர் பேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டிக்கொண்டு பேட்டரியில் ஓடத் தொடங்கினால் அந்த நியூட்ரலுக்கு மண்ணோடு சம்பந்தமே இருக்காது. அப்போது கசிவு ஏற்பட்டாலும் கரண்ட் திரும்ப வழியில்லை, ஆர்சிசிபி விழாது.

நல்ல ஹைபிரிட் இன்வெர்ட்டர்களில், பேட்டரிக்கு மாறும்போது மட்டும் நியூட்ரலை எர்த்தோடு சேர்க்கும் ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்) உள்ளே இருக்கும் அல்லது வெளியே வைக்க வசதி இருக்கும். வாங்கும் முன் கேளுங்கள், கையேட்டில் காட்டச் சொல்லுங்கள். இதற்காக வீட்டு மெயினில் நியூட்ரலையும் எர்த்தையும் நிரந்தரமாக முடிச்சுப் போட்டுவிட்டால் லைன் இருக்கும்போது ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருக்கும், எர்த் கம்பியிலும் கரண்ட் ஓடும். ரிலே மூலமாக மட்டும்தான்.

கடைசித் தவணைக்கு முன்

முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுத்துவிடாதீர்கள். கீழே சொல்லும் அளவுகளை உங்கள் கண் முன்னால் எடுத்து, தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தந்த பிறகு மிச்சத்தைக் கொடுங்கள்.

எர்த் டெஸ்டரைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ராடிலிருந்து ஒரே நேர்கோட்டில் இரண்டு சிறு ஆணிகளை அடித்து அளப்பது முறையான வழி. நடு ஆணி மொத்தத் தூரத்தில் 62 சதவீதத்தில் இருக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் அளந்து 2 ஓம் என்று காட்டினால் சந்தோஷப்பட வேண்டாம். சித்திரை, வைகாசிக் காய்ச்சலில் அளந்த எண்தான் உங்கள் எண். அதையும் தேதியையும் குழி மூடிக்குப் பக்கத்துச் சுவரில் பெயின்ட்டில் எழுதி வையுங்கள்.

அடுத்து, கடைக்கோடிப் பேனலின் சட்டத்திலிருந்து கீழே எர்த் பார் வரை தொடர்ச்சி: ஒரு ஓமுக்குள் இருக்க வேண்டும். டிசி கேபிளுக்கும் எர்த்துக்கும் நடுவே காப்புத் தடையை மெக்கர் வைத்துப் பார்த்தால் ஒரு மெகா ஓமுக்கு மேல் வர வேண்டும். ஒவ்வொரு தொடரின் வோல்ட்டும் பிளஸ், மைனஸும் சரியா என்று பார்க்க வேண்டும். ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விழ வேண்டும். மெயினை அணைத்தால் லைனோடு இணைந்த இன்வெர்ட்டர் உடனே நிற்க வேண்டும். ஹைபிரிட் என்றால் பேட்டரியில் ஓடும்போதும் சாக்கெட்டில் ஆர்சிசிபி டெஸ்டரைச் செருகிப் பார்க்கச் சொல்லுங்கள். பொத்தான் மட்டும் அழுத்திப் பார்ப்பது போதாது, பொத்தானுக்கு எர்த்தே தேவையில்லை, எர்த் இல்லாவிட்டாலும் விழும்.

பருவத்துக்குப் பருவம்

பேனலைக் கழுவப் போர்த் தண்ணீர் வேண்டாம். நம் ஊர்ப் போர்த் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படலம் படியும், பிறகு தேய்த்தாலும் போகாது. சேமித்த மழைத் தண்ணீரோ குடிதண்ணீரோ ஒரு வாளி போதும். விடிகாலையில், பேனல் சூடேறும் முன், மென்மையான துணியால் துடையுங்கள்.

வாடைக் காற்று தொடங்கி மழை பிடித்ததும் சில வீடுகளில் இன்வெர்ட்டர் காலையில் ஐசோலேஷன் கோளாறு என்று காட்டி நிற்கும். பத்து மணி வெயிலில் காய்ந்ததும் தானாக ஓடும். சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். எங்கேயோ அணில் கடித்த கேபிளிலோ வாய் விட்ட எம்சி4-லோ ஈரம் இறங்கி, டிசி மண்ணுக்குக் கசிகிறது. ஆளைக் கூப்பிட்டுத் தேடச் சொல்லுங்கள்.

மழைக்காலத்துக்கு முன் ஒரு முறையும் கோடையில் ஒரு முறையும் குழி மூடியைத் திறந்து கிளாம்பைக் கண்ணால் பாருங்கள். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் கழற்றிச் சுத்தம் செய்து, மறுபடி முடுக்கி, கிரீஸ் தடவ வேண்டும். ஸ்ட்ரக்சர் போல்ட்டுகளையும் அப்போதே பார்த்துவிடலாம்.

புயல் எச்சரிக்கை வந்தால் முதலில் இன்வெர்ட்டரின் ஏசி சுவிட்ச், அப்புறம் டிசி சுவிட்ச் என்ற வரிசையில் அணையுங்கள். ஓடும்போது எம்சி4-ஐப் பிடுங்கவே கூடாது, கையிலேயே தீப்பிடிக்கும். புயல் போன பிறகு மாடியில் கண்ணாடி உடைந்த பேனல் கிடந்தால் தொடாதீர்கள். உடைந்தாலும் வெளிச்சம் பட்டால் அதில் கரண்ட் இருக்கும், ஈரத்தில் சட்டமும் ஷாக் அடிக்கலாம். கடல் தண்ணீர் புகுந்த இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் காயவைத்துப் போட்டுப் பார்க்கும் வேலை வேண்டாம். உப்பு உள்ளேயே தங்கியிருக்கும். எலெக்ட்ரீஷியன் வந்து, காப்புத் தடையையும் எர்த் தொடர்ச்சியையும் அளந்து, எண்கள் பழைய தாளோடு ஒத்துப்போனால், அணைத்த வரிசையைத் திருப்பி, டிசியை முதலிலும் ஏசியை அடுத்ததாகவும் போடலாம்.